நெட்வொர்க் லாக் உள்ள கைபேசி: நிறுவனத்திடம் கேட்பதா, கோடு வாங்குவதா, ஃபிளாஷ் செய்வதா?

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று தவணையிலோ ஒப்பந்தத்திலோ குறைந்த விலைக்குக் கொடுத்த கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால், அது சிக்னலைக் காட்ட மறுத்து, திறப்பதற்கான ரகசிய எண் (அன்லாக் கோடு) ஒன்றைக் கேட்கும். அல்லது இந்த சிம் செல்லாது என்று சொல்லிவிடும். அந்த நிலையில் இருப்பவருக்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. நிறுவனத்திடமே அன்லாக் கேட்கலாம், இணையத்தில் கோடு விற்பவரிடம் வாங்கலாம், சர்வீஸ் கடையில் கேபிள் மாட்டித் திறக்கச் சொல்லலாம், சிம்முக்கு அடியில் ஒட்டும் மெல்லிய சிப்பை வாங்கலாம், போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றி எழுதலாம், அதாவது ஃபிளாஷ் செய்யலாம். இவற்றுள் ஃபிளாஷ் செய்வதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. நெட்வொர்க் லாக்கைத் திறக்கும் வழி என்று நம்பி அதைச் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு லாக் அப்படியே இருக்கும். போனில் இருந்த தரவு மட்டும் போயிருக்கும். ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன், நம் கையில் உள்ள போனில் பூட்டியிருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பூட்டுகள்

முதலாவது நெட்வொர்க் லாக், அதாவது சிம் லாக். ஒவ்வொரு சிம்மிலும் ஐஎம்எஸ்ஐ என்ற சந்தாதாரர் எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். நெட்வொர்க்கோடு பேசும் பகுதியான போனின் மோடம் இந்த இலக்கங்களைப் படித்து, தன்னிடம் பதிந்துள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அனுமதிக்கும், பொருந்தாவிட்டால் மறுக்கும். ஒரே நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென இன்னும் குறுகலாகவும் பூட்ட முடியும். பெரிய நிறுவனத்தின் போனில் அதே கோபுரங்களைப் பயன்படுத்தும் சிறு நிறுவனத்தின் சிம் சில சமயம் வேலை செய்வதற்கும், சில சமயம் செய்யாமற்போவதற்கும் காரணம் இதுதான்.

இரண்டாவது பூட்லோடர் லாக். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல், தயாரிப்பாளரின் கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும். கஸ்டம் ரோம், அதாவது பிறர் உருவாக்கிய இயங்குதளம், போட விரும்புபவர் திறக்க வேண்டியது இந்தப் பூட்டை. இதற்கும் சிம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பூட்லோடரைத் திறந்துவிட்டு வேறு சிம் வேலை செய்யவில்லையே என்று திகைப்பவர்களும், நிறுவனத்திடம் அன்லாக் வாங்கிவிட்டு கஸ்டம் ரோம் ஏறவில்லையே என்று கேட்பவர்களும் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

மூன்றாவது கணக்குப் பூட்டு. முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ நீக்கப்படாமல் இருந்தால், போனை முழுதாக அழித்த பின்னும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கும். உரியவர் மட்டுமே நீக்க வேண்டிய பூட்டு அது. இங்கே ஒப்பிடப்படும் வழிகளில் எதுவும் அதற்குப் பொருந்தாது. திருட்டுப் புகாரால், போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட போனும் இப்படித்தான். தடை போனில் இல்லை, நெட்வொர்க்கின் பதிவேட்டில் இருக்கிறது. அதனால் எந்த அன்லாக்கும் அதை அகற்றாது.

நிறுவனத்திடமே கேட்பது

நெட்வொர்க் லாக் என்றால் முதலில் முயல வேண்டியது இந்த வழியைத்தான். இது கைகூடும்போது மற்ற வழிகளைப் பற்றி யோசிப்பதற்கே தேவை இல்லை. பொதுவான நிபந்தனைகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. போனுக்கான தவணை முழுதும் கட்டி முடிந்திருக்க வேண்டும், திருட்டு அல்லது மோசடிப் புகார் இருக்கக் கூடாது, சில இடங்களில் குறிப்பிட்ட காலம் அந்த நெட்வொர்க்கில் பயன்படுத்தியிருக்க வேண்டும். பல நாடுகளில் சட்டமும் விதிகளும் பயனாளர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2013 ஜனவரியில் நிறுவனத்தின் அனுமதியின்றிப் புதுப் போனை அன்லாக் செய்வது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணாகிவிட்டிருந்தது. 2014 ஆகஸ்டில் வந்த தனிச் சட்டம் அதை மீண்டும் அனுமதித்தது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் அன்லாக் கட்டணம் ஒழிக்கப்பட்டு, புதிய போன்கள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்றானது. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போனை விற்கவே தடை இருக்கிறது. ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்து சிம் லாக் கொள்கையளவில் தடை செய்யப்பட்டது. இந்த நாடுகளில் வாங்கிய போன் எனில், வாங்கிய தேதியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

திறந்து தரும் முறை போனுக்குப் போன் மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு எண்களால் ஆன ஒரு கோடு தருவார்கள். வேறு நிறுவன சிம்மைப் போட்டு, கேட்கும்போது அதைத் தட்ட வேண்டும். சிலவற்றில் நிறுவனமே முன்கூட்டி ஏற்றிய செயலி வழியாகத் திறக்கப்படும். ஐபோனில் கோடு என்பதே கிடையாது. பூட்டின் நிலை ஆப்பிளின் ஆக்டிவேஷன் சர்வரில் இருக்கிறது. நிறுவனம் அதில் மாற்றம் செய்ததும், அடுத்த முறை போன் சர்வரைத் தொடர்புகொள்ளும்போது திறந்துவிடும். அமைப்புகளில் இந்தப் போனைப் பற்றிய பக்கத்தில், சிம் கட்டுப்பாடுகள் இல்லை என்று வந்திருக்கிறதா எனப் பார்த்து உறுதி செய்யலாம்.

இந்த வழியில் தரவு அழிவதில்லை, வாரண்டி போவதில்லை, பின்னால் வரும் அப்டேட் எதுவும் பூட்டைத் திரும்பப் போடுவதில்லை. குறை என்றால் காத்திருப்பும், பழைய போன் வாங்கியவருக்கு வரும் சிக்கலும்தான். போனை முதலில் வாங்கியவரின் கணக்கில் பாக்கி இருந்தால், அதைத் தீர்க்கும் வரை நிறுவனம் அசையாது. கோடு கிடைத்தாலும் அவசரப்பட்டுத் தவறாகத் தட்டக் கூடாது. பெரும்பாலான போன்களில் முயற்சிகளுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சரியான கோடும் ஏற்கப்படாமல் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் போன்கள் இருக்கின்றன.

கோடு விற்பவர்கள்

நோக்கியா கோலோச்சிய காலத்தில் கோடு என்பது பெரும்பாலும் ஒரு கணக்குத்தான். ஐஎம்இஐ எண்ணையும் நெட்வொர்க் எண்ணையும் கொடுத்தால் கோட்டைக் கணித்துத் தரும் சிறு நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. அந்த நினைவில்தான் இன்றும் பலர் இலவச அன்லாக் கோடு என்று தேடுகிறார்கள். இன்றைய போன்களில் கோடு எந்தச் சூத்திரத்திலிருந்தும் பிறப்பதில்லை. தயாரிப்பில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உருவாக்கி, தயாரிப்பாளரின் அல்லது நிறுவனத்தின் தரவுத்தளத்தில் வைக்கப்படுகிறது. ஆகவே இலவசமாகக் கணித்துத் தருவதாகச் சொல்லும் தளம் எதையும் நம்பக் கூடாது. காசுக்கு விற்பவர் அந்தத் தரவுத்தளத்தை எட்டும் ஏதோ ஒரு வழியை வைத்திருக்க வேண்டும்.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதில்தான் என் தயக்கம் எல்லாம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்தும், உள் கணினிகளில் தீநிரல் ஏற்றியும் சுமார் 19 லட்சம் போன்களைத் திறந்த ஒரு கும்பலின் தலைவருக்கு 2021இல் 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் இழப்பு 20 கோடி டாலருக்கு மேல் என்று வழக்கில் கணக்கிடப்பட்டது. எல்லா விற்பனையாளரும் இப்படி என்று சொல்ல முடியாது; ஆனால் வாங்குபவர் தன் கோடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய வழியில்லை. பூட்டு நிலை சர்வரில் உள்ள ஐபோன் போன்றவற்றில், முறைகேடாகத் திறக்கப்பட்டது தெரியவந்தால் மீண்டும் பூட்டப்படும் வாய்ப்பும் இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, இணைக்கப்பட்டுவிட்டது, அல்லது எழுதிக் கேட்டும் பதில் இல்லை என்ற நிலையில் மட்டுமே இந்த வழியைப் பரிசீலிக்கலாம். அப்போதும் விற்பவருக்குத் தேவை ஐஎம்இஐ எண்ணும், மாடலும், முதல் நிறுவனத்தின் பெயரும் மட்டுமே. கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவரிடமிருந்தும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பவரிடமிருந்தும் விலகிவிட வேண்டும்.

கேபிள் மாட்டித் திறப்பது

சர்வீஸ் கடைகளில் பாக்ஸ் அல்லது டாங்கிள் என்று அழைக்கப்படும் கருவிகளும் அவற்றின் மென்பொருள்களும் சில மாடல்களின் பூட்டை நேரடியாகத் திறக்கும். கோடு தேவையில்லை, காத்திருப்பும் இல்லை என்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கருவி ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தித்தான் உள்ளே போகிறது. அந்தக் குறை அடைக்கப்படாத மாடலும் பாதுகாப்பு அப்டேட் நிலையும் அமைந்தால் மட்டுமே அது வேலை செய்யும். சென்ற மாதம் திறந்த அதே மாடல் இந்த மாத அப்டேட்டுக்குப் பின் திறக்காமற்போவது இயல்பு.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பூட்டின் பதிவு திறந்த நிலைக்கு மாற்றப்படுகிறதா, அல்லது அதைச் சரிபார்க்கும் மோடம் மென்பொருள் திருத்தப்படுகிறதா என்பது. முதலாவது நிலைத்து நிற்கும். இரண்டாவது, அடுத்த அப்டேட் மோடம் மென்பொருளைப் புதிதாக எழுதும்போது போய்விடும். இந்த வேலையில் தொடப்படும் இடம் போனின் மிக மென்மையான பகுதி. சாம்சங்கில் இஎஃப்எஸ் என்றும், மீடியாடெக் போன்களில் என்வி-ரேம் என்றும் சொல்லப்படும் அந்தப் பகுதியில்தான் ஐஎம்இஐயும், சிக்னலைப் பிடிக்கும் ரேடியோவுக்குத் தொழிற்சாலையில் செய்த அளவுத்திருத்தமும் இருக்கின்றன. அது கெட்டால் போன் ஆன் ஆகும், படம் எடுக்கும், வைஃபையும் பிடிக்கும். சிக்னல் மட்டும் வராது. ஆகவே கை வைப்பதற்கு முன் அந்தப் பகுதியைக் காப்பு எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். தயங்குபவரிடம் போனைக் கொடுக்கக் கூடாது. ஐஎம்இஐயையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இந்தியாவில் 2017 முதல் அதற்கெனவே விதிகள் இருக்கின்றன.

சிம்முக்கு அடியில் ஒட்டும் சிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐபோன்களுக்காக விற்கப்படும் அது, சிம்முக்கும் மோடத்துக்கும் நடுவே உட்கார்ந்து, அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறது. பூட்டு திறப்பதில்லை, ஒவ்வொரு ஐஓஎஸ் அப்டேட்டும் அந்த ஏமாற்றை முடித்துவைக்கக்கூடும். நெடுநாள் பயன்பாட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபிளாஷ் செய்வது எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

ஃபர்ம்வேர் என்று நாம் ஏற்றும் கோப்புத் தொகுப்பில் பூட்லோடர், இயங்குதளம், மோடத்தின் மென்பொருள், பிராந்திய அமைப்புகள் ஆகியவை இருக்கும். நெட்வொர்க் லாக்கின் பதிவு அந்தத் தொகுப்பில் இல்லை. அது போனுக்குப் போன் வேறாக, பாதுகாக்கப்பட்ட தனிப் பகுதியில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தால் நிலப் பத்திரத்தில் உள்ள அடமானம் நீங்காததைப் போல, இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பதிவு மாறாது. இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் விற்கப்படும் சாம்சங் கேலக்ஸி போன்களே. நிறுவனங்கள் விற்கும் போனின் மாடல் எண் ‘யு’ என்றும், பூட்டின்றி விற்கப்படுவது ‘யு1’ என்றும் முடியும். வன்பொருள் ஒன்றே என்பதால் பின்னதன் ஃபர்ம்வேரை முன்னதில் ஏற்றலாம். ஏற்றினால் நிறுவனத்தின் லோகோவும் திணிக்கப்பட்ட செயலிகளும் மறையும். சிம் லாக் அப்படியே நிற்கும்.

ஃபிளாஷ் வழியே பூட்டைத் திறந்த காலமும் இருந்தது. ஐபோன் 3ஜி, 3ஜிஎஸ் போன்களின் மோடத்தில் இருந்த குறை அடைக்கப்பட்ட பின், 2010 இறுதியில், ஐபேடுக்கான 06.15 பேஸ்பேண்டை (மோடத்தின் மென்பொருளை) ஐபோனில் ஏற்றித் திறக்கும் முறை வெளியானது. திறந்தது உண்மைதான். ஆனால் ஜிபிஎஸ் செயலிழந்தது, பழைய பேஸ்பேண்டுக்குத் திரும்பவும் அப்போது முடியாமல் போனது. மோடத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறைக்கும் இத்தகைய விலை உண்டு என்பதற்காகவே இதை நினைவுபடுத்துகிறேன்.

அப்படியானால் ஃபிளாஷ் எதற்குப் பயன்படும்? அன்லாக் கிடைத்த பிறகு வரும் குறைகளுக்கு அது நல்ல மருந்து. பூட்டு திறந்தும், பழைய நிறுவனத்தின் வழியாகவே வரும் அப்டேட் தாமதமாகலாம். அதன் செயலிகள் நீங்காமல் இருக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, புதிய நெட்வொர்க்கில் 4ஜி வழியே குரல் அழைப்பைத் தரும் வோஎல்டிஇ வேலை செய்யாமல் இருக்கலாம். 3ஜி மூடப்பட்ட இடங்களில் இது சிறு குறை அல்ல. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியபோது, வோஎல்டிஇ இல்லாத போன்கள் அந்த நெட்வொர்க்கில் பேச முடியாதவை ஆயின. சாம்சங்கில் வோஎல்டிஇ போன்ற நிறுவன அமைப்புகள் சிஎஸ்சி என்ற பிராந்தியக் கோப்பில் இருப்பதால், பொருந்தும் ஃபர்ம்வேரை ஏற்றும்போது இந்தக் குறை தீரக்கூடும். ஆனால் போனின் ரேடியோவிலேயே இல்லாத அலைவரிசையை எந்த ஃபர்ம்வேராலும் கொண்டுவர முடியாது.

ஃபிளாஷிலும் இரண்டு வகையை ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளரின் கையொப்பமிட்ட ஸ்டாக் ஃபர்ம்வேரை ஏற்றுவதற்குப் பூட்லோடரைத் திறக்க வேண்டியதில்லை. சாம்சங்குக்கு ஓடின் என்ற நிரல் போதும். அதில் சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் தரவு முழுதும் அழியும், ஹோம் சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் தரவு தங்கும். கஸ்டம் ரோம் என்றால் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும்; திறக்கும் கணத்திலேயே தரவு அழிந்துவிடும். திறந்த பின் வரும் இழப்புகள் பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. போனின் மென்பொருள் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாததால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். பாதுகாக்கப்பட்ட வீடியோவுக்கான வைட்வைன் எல்1 நிலை பல போன்களில் எல்3க்கு இறங்கும். அதனால் திரைப்படங்கள் குறைந்த தெளிவில்தான் தெரியும். சாம்சங்கில் அங்கீகாரமற்ற மென்பொருளை ஏற்றியதும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின் உருகி எரிகிறது. அதன் பின் ஸ்டாக் ஃபர்ம்வேருக்குத் திரும்பினாலும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது. மேலும் நிறுவனம் விற்ற போன்கள் பலவற்றில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. வெரைசன் விற்ற பிக்சலில், நெட்வொர்க் லாக் நீங்கிய பிறகும் அதற்கான அமைப்பு மங்கலாகவே இருக்கும். ஹுவாவே 2018இலேயே பூட்லோடர் கோடு தருவதை நிறுத்திவிட்டது.

ஃபிளாஷ் செய்வதென்று முடிவெடுத்தவர் மூன்று இடங்களில் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். ஒன்று, பழைய பதிப்புக்கு இறங்குவது. ரோல்பேக் தடை உள்ள போன், தன் உள்ளே பதிந்த எண்ணைவிடக் குறைந்த பதிப்பை ஏற்காது. சாம்சங் ஃபர்ம்வேர் பெயரின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து அந்த எண்ணைக் காட்டும். பிக்சல் 6 வரிசையில் ஆண்ட்ராய்டு 13 பூட்லோடர் ஏறிய பின் வழக்கமான ஆண்ட்ராய்டு 12 பதிப்புகளுக்குத் திரும்ப முடியாது. இரண்டு, ஷாவ்மியின் மி ஃபிளாஷ் நிரலில், அழித்துவிட்டுப் பூட்டவும் செய்யும் தேர்வு. சீனச் சந்தைக்கான போனில் உலகப் பதிப்பு ரோமை ஏற்றி இந்தத் தேர்வோடு பூட்லோடரைப் பூட்டினால், இந்தப் பதிப்பை இந்தப் போனில் நிறுவ முடியாது என்ற செய்தியோடு அது நின்றுவிடும். மூன்று, மீடியாடெக் போன்களுக்கான எஸ்பி ஃபிளாஷ் டூலில் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்யும் தேர்வு. அது என்வி-ரேமையும் சேர்த்து அழிப்பதால் ஐஎம்இஐ காணாமற்போகும்; ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றும் தேர்வே போதுமானது. இவற்றோடு, ஸ்டாக் ஃபர்ம்வேரை ஏற்றுபவரும் தொடங்குமுன் கூகுள் கணக்கை முறைப்படி நீக்கிவிட வேண்டும். கடவுச்சொல்லை மறந்திருந்தால், அழிந்து எழுந்த போன் மேலே சொன்ன மூன்றாவது பூட்டின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.

எதை எந்த நிலையில் தேர்ந்தெடுப்பது

தவணை முடிந்த போனை வைத்திருக்கும் முதல் உரிமையாளருக்கு நிறுவனத்தின் அன்லாக்கைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. திறந்த பின் வோஎல்டிஇ கிடைக்கவில்லை என்றால், அதே வன்பொருளுக்கான ஸ்டாக் ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பார்க்கலாம். தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனுக்குப் புது உயிர் கொடுக்க விரும்புபவருக்குக் கஸ்டம் ரோம் மதிப்புள்ள வழி. வங்கிச் செயலிகளை அதில் எதிர்பார்க்காதிருந்தால் போதும். தவணை முடியாத போனை வைத்திருப்பவர், மிச்சத் தொகையையும் காத்திருக்க வேண்டிய மாதங்களையும் எழுதிப் பார்த்துவிட்டு, அதைக் கட்டி முடிப்பதே கோடு விற்பவரிடம் போவதைவிட மலிவா என்று கணக்கிட வேண்டும்.

கடினமானது, பூட்டியது என்று தெரியாமல் பழைய போன் வாங்கியவரின் நிலை. அவர் முதலில் *#06# தட்டி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அது பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா, கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் பட்டியலில் இருந்தால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வழி இல்லை. பட்டியலில் இல்லாமல் பூட்டு மட்டும் இருந்தால், முதல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். முந்தைய உரிமையாளர் ஒத்துழைத்தால் பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். அவர் கிடைக்கவில்லை, நிறுவனமும் மறுக்கிறது என்றால், தன் நெட்வொர்க்கின் அலைவரிசைகள் அந்தப் போனில் இருக்கின்றனவா என்பதைக் கோட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், பூட்டியது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அந்த நிறுவனத்தின் சிம்மையே பயன்படுத்தும் ஒருவருக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் பூட்டில்லாத போனை வாங்குவதுதான் பொருத்தமான தேர்வு. வாங்குபவருக்கு அந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல.